‘பொதுவாக’ என்ற சொல்லும் எழுநூறு வாத்துகளும்

பூச்சிக்கொல்லிகளின் வரலாறு பெரும்பாலும் வேதியியலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அமெரிக்கக் கோல்ஃப் மைதானங்களிலிருந்து டயசினான் விலக்கப்பட்ட வரலாற்றிலோ, ஒரு வினையடையின் பொருளே வழக்கின் மையமாயிற்று.

டயசினான், 1950களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் கைகி நிறுவனம் உருவாக்கிய ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சு. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை முடக்கி அது பூச்சியைக் கொல்கிறது. அதே நொதி பறவைக்கும் உண்டு. கோல்ஃப் மைதானப் புல் ஓயாமல் வெட்டப்படுவது. உரமும் நீரும் மிகுதியாகப் பெறுவது. அதன் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களை அழிக்க டயசினானைத் தெளித்து, பின் நீர் பாய்ச்சி மண்ணுக்குள் இறக்குவது வழக்கம். இலையில் எஞ்சிய நஞ்சு மேயும் பறவைக்கு உணவாயிற்று. தேங்கிய நீரில் கரைந்தது குடிநீராயிற்று.

பிரெண்ட் வாத்து கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் அட்லாண்டிக் கரைக்கு வரும் பறவை. கடற்புல்லே அதன் முதன்மை உணவாக இருந்தது. 1930களில் ஒரு நோய் அக்கடற்புல் வெளிகளை அழித்தது. வேறு உணவு தேடிய வாத்துகள், பிற்காலத்தில் கரையோரப் புல்தரைகளிலும் மேயப் பழகின. 1984இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், டயசினான் தெளிக்கப்பட்ட ஒரு கோல்ஃப் மைதானத்தில் மேய்ந்த சுமார் 700 பிரெண்ட் வாத்துகள் மடிந்தன.

வேறு இடங்களிலும் பறவைகள் மடிந்த செய்திகள் சேர்ந்தன. 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கோல்ஃப் மைதானங்களிலும் புல்தரை வளர்ப்புப் பண்ணைகளிலும் டயசினானைப் பயன்படுத்தும் அனுமதியை நீக்கியது. உற்பத்தியாளரான சீபா-கைகி நிறுவனம் நீதிமன்றம் சென்றது. வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது ஒரு பூச்சிக்கொல்லி ‘பொதுவாக’ நியாயமற்ற தீங்கு விளைவித்தால் அதன் அனுமதியை நீக்கலாம் என்பதே சட்டத்தின் வாசகம். டயசினான் தெளிக்கப்படும் பெரும்பாலான வேளைகளில் பறவைகள் சாவதில்லை. ஆகவே ‘பொதுவாக’ என்பது பொருந்தாது என்று நிறுவனம் வாதிட்டது.

மொழியியல் மாணவர்கள் நன்கறிந்த சிக்கல் இது. ‘கொசுக்கள் மலேரியாவைப் பரப்பும்’ என்னும் கூற்றை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் மலேரியாக் கிருமியைச் சுமக்கும் கொசுக்கள் மிகச் சிலவே. அதே வாக்கியத்தின் முன் ‘பொதுவாக’ என்று சேர்த்தால் கேட்பவர் தயங்குவார். எண்ணிக்கை பற்றிய கேள்வி உள்ளே நுழைந்துவிடுகிறது. முகமை அந்தச் சொல்லே இல்லாததுபோலச் சட்டத்தைப் படித்தது. நிறுவனமோ அச்சொல்லைப் ‘பாதிக்கு மேல்’ என்று படித்தது.

1989இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வாசிப்புகளையும் ஏற்கவில்லை. சட்டத்திலுள்ள சொல்லைப் புறக்கணிக்க முகமைக்கு உரிமையில்லை என்று கூறி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. கூடவே ஒரு நுட்பத்தையும் சுட்டியது: அதே சட்டம் ‘தீங்கு’ என்பதை ‘நியாயமற்ற இடர்’ என்று வரையறுக்கிறது. எனவே சாவு அடிக்கடி நிகழ்ந்ததென்று காட்ட வேண்டியதில்லை. சாவு நேரக்கூடிய கணிசமான வாய்ப்பை அப்பயன்பாடு பரவலாக உண்டாக்குகிறது என்று காட்டினால் போதும். வினையடை தன் இடத்திலேயே நின்றது. அது தழுவும் பொருள் சாவிலிருந்து இடருக்கு மாறியது. 1990இல் முகமை அவ்வளவுகோலின்படி மீண்டும் ஆராய்ந்து, தடையை உறுதிசெய்தது.

இவ்வழக்கில் எண்ணிக்கைவாதம் வென்றிருந்தால், அரிதாக நேரும் பெருஞ்சாவு எதுவும் சட்டத்தின் கண்ணில் தீங்காகியிருக்காது. பத்து முறை தெளித்து ஒரு முறை எழுநூறு பறவைகள் மடிந்தாலும், எஞ்சிய ஒன்பது முறைகள் அதை மறைத்திருக்கும்.

இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை இங்கு ஒப்புநோக்கலாம். அதன் 27ஆம் பிரிவு மனிதருக்கோ விலங்குக்கோ இடர் நேரக்கூடும் என்பதையே தடைக்கு அடிப்படையாகக் கொள்கிறது. ‘பொதுவாக’ என்னும் தடைக்கல் அங்கில்லை. ஆயினும், வேளாண்மையில் முன்பே விலக்கப்பட்ட டயசினான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2018 ஆகஸ்டில்தான். அதுவும் 66 பூச்சிக்கொல்லிகளை ஆராய்ந்த அனுபம் வர்மா குழுவின் மறுஆய்வுக்குப் பின். சட்டத்தின் சொல் தெளிவாக இருந்தும், அதைப் பயன்படுத்த அரை நூற்றாண்டு ஆயிற்று.