தகடூர் நாட்டு நடுகற்கள்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் போர் நினைவுச் சின்னம் எதுவென்று வினவுவோர்க்கு, வயலோரத்திலோ ஏரிக்கரையிலோ நிற்கும் நடுகல்லையே நாம் காட்டுவோம். படைக்கலம் ஏந்திய வீரன் உருவம்; பழைய கற்களில் வட்டெழுத்தில் சில வரிகள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், மாண்டவன் பெயர். அவன் பெரும்பாலும் ‘தொறு’ மீட்கச் சென்று பட்டவன். தொறு என்பது மாட்டு மந்தை. அக்காலத்தில் அதுவே செல்வம். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது.

அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லொன்று, கள்வர் இருவரைக் கடித்துக் காவல்நின்ற கோவிவன் என்னும் நாயையும் வீரனோடு சேர்த்துக் காட்டுகிறது. அரண்மனைப் புலவர் எவர் இதை எழுதியிருப்பார்?

1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம், அரசு அறிவித்த சின்னங்களையே காக்கும். வரப்பிலுள்ள கற்கள் அனைத்தும் அதனுள் அடங்கா. சில, வேடியப்பன் என வழிபடப்பட்டுத் தப்பின. சில, துவைக்கும் கல்லாயின. நாம் கல்லை வணங்குவோர் அல்லோம். எனினும் மையவாடியில் மீசான் கல் நடும் நமக்கு, மறைந்தார் அடையாளம் மறையலாகாது என்னும் தவிப்பு புதிதன்று.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல கற்கள் பத்திரமாக உள்ளன. நன்றே. ஆயினும் ஊர்ப்பெயரைத் தன்மீதே தாங்கிய கல்லை அவ்வூரினின்று பெயர்ப்பது நமக்கு உவப்பன்று. முதலில் மைப்படி எடுக்கட்டும். நிலத்துக்குரியவர் இசைந்தால், கல் அங்கேயே நிற்கட்டும்.