மார்க் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கதை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் மகள் எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணை அனுப்பிவிட்டு ஒரு கல்லூரியின் பதிலுக்காகக் காத்திருக்கிறாளாம். "நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவிலேயே முடிவு சொல்லிவிடுவார்கள் டீச்சர், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை" என்றாள். "உங்கள் காலத்தில் எப்படி?" என்றும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் காலம் என்றால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலம். நான் 1976-இல் எழுதினேன். தேர்வு முடிவு பத்திரிகையில் வரும். மார்க் இருக்காது, வெறும் எண்கள்தான். எறும்பு ஊர்வது மாதிரி பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. நம் எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. எண்ணூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பேப்பர் வரும். அதை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, தெர்மலில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், லேலண்டுக்குப் போகிறவர்கள், குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளையின் எண்ணைக் காதில் வாங்க நிற்பார்கள். மார்க் ஷீட் பள்ளிக்கூடத்துக்குப் பிறகுதான் வரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் பணம், கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட நகல்கள், சுயவிலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர். எண்ணூரிலிருந்து ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் நோட்டீஸ் போர்டில் பெயர் தேட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அப்பாக்கள் கூட வருவார்கள்.

நான் பி.யு.சி.க்கும் விண்ணப்பித்தேன், ஆசிரியர் பயிற்சிக்கும் விண்ணப்பித்தேன். பயிற்சிப் பள்ளிக் கார்டு முதலில் வந்தது. "வந்ததைப் பிடிம்மா, வராததுக்காக உட்கார்ந்திருக்க நம்மால முடியாது" என்றார் அப்பா. அப்படித்தான் நான் உங்கள் டீச்சர் ஆனேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அப்பா சொன்ன அந்த வாக்கியத்தை வைத்துத்தான் இந்தப் பதிவு முழுவதையும் எழுதுகிறேன். காத்திருப்பதற்கும் வசதி வேண்டும்.

இனி கொஞ்சம் வரலாறு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அந்த ஆண்டே மெட்ரிகுலேஷன் தேர்வையும் தொடங்கினார்கள். தேறியவர்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்தது. ஆனால் தேர்வு எழுதும் அளவுக்குப் பள்ளியில் தங்கிப் படிக்க யாரால் முடிந்தது என்ற கேள்வி அப்போதே இருந்தது. அதன் விளைவாகத்தான் நீதிக்கட்சிக் காலத்தில் வகுப்புவாரி அரசாணை வந்தது. முதலில் வேலைக்கு, பிறகு கல்லூரி இடங்களுக்கும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் மருத்துவம், பொறியியலில் ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கு நாட்டின் அரசியலமைப்பையே திருத்த வைத்தது, பாருங்கள்.

அடுத்து நேர்முகத் தேர்வுக் காலம். மார்க் மட்டும் போதாது, பையனைப் பார்த்தும் மார்க் போடுவார்கள். 1970-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நேர்முகத்துக்கு மட்டும் 75 மார்க். கல்லூரிகளைப் பிரிவு பிரிவாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு முறை செல்லாது என்றது. நேர்முகத்தில் மார்க் போட்ட விதத்தையும் குறை சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1968-இல், மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்ததும் ராஜேந்திரன் வழக்கில் ரத்தானது. பேண்ட் போட்டு, ஆங்கிலம் பேசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகாத குப்பத்துப் பிள்ளைக்கு அந்த 75 மார்க் எட்டாத உயரம்.

1978-இல் பி.யு.சி. போய் மேல்நிலைப் பள்ளி வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். இது பெரிய மாற்றம். அதுவரை பதினாறு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டியவர்கள், இன்னும் ஒரு வருடம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே படிக்க முடிந்தது. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் பிளஸ் டூவைத் தொட்டது இதனால்தான்.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. நேர்முகத்தில் ஆள் பார்த்துப் போடும் மார்க் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் டூ முடிந்த கையோடு பயிற்சி வகுப்பு என்ற புதுச் செலவு முளைத்தது. ஒரே மாதத்தில் அந்த வகுப்புக்குப் பணம் கட்டியவனும், அந்த மாதம் கம்பெனியில் காண்டிராக்ட் வேலைக்குப் போனவனும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கேள்வித்தாளை எழுதினார்கள்.

1997-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. உங்களில் பலர் அந்தக் கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்று ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு முன்னால் இருப்பவர் எதை எடுக்கிறார் என்பது கண்ணெதிரே தெரியும். என்னிடம் படித்த பையனுக்கு 2001-இல் துணையாகப் போனேன். அவன் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். திரையில் ஒரு எண் குறையும்போதெல்லாம் "போச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போகவில்லை, பையனுக்கு மெக்கானிக்கல் கிடைத்தது. எவர் சிபாரிசும் இல்லாமல், எல்லோரும் பார்க்க, அவன் முறை வந்தபோது அவனே கேட்டு வாங்கிய இடம் அது.

பிறகு நுழைவுத் தேர்வை எடுப்பதற்கான முயற்சி. 2005-இல் அரசாணை போட்டார்கள், நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 தொடக்கத்தில் ஒரு சட்டம், அதுவும் நிற்கவில்லை. ஆட்சி மாறியது. அனந்தகிருஷ்ணன் குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது; புதிய சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க்கே போதும் என்றானது. இரண்டு ஆட்சிகளும் ஒரே திசையில் நடந்த அபூர்வமான விஷயம் இது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. இதைத்தான் "கட்-ஆஃப்" என்று வீட்டுக்கு வீடு பேசினோம்.

மருத்துவத்துக்கு நீட் வந்தது. 2013-இல் நடந்து, அந்த ஆண்டே ரத்தாகி, 2016-இல் உயிர்பெற்று, 2017-இல் தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கும் கட்டாயமானது. அந்த ஆண்டு பிள்ளைகள் பிளஸ் டூ மார்க்கை நம்பிப் படித்தவர்கள். ஆகஸ்ட் கடைசி வரை எந்த மார்க்கை வைத்து இடம் தருவார்கள் என்றே தெரியாமல் காத்திருந்தார்கள். 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை அந்தச் செப்டம்பர் முதல் நாள் இழந்தோம். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டும் அதுதான். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் பந்தயம் ஓடி முடித்த பிறகு எல்லைக்கோட்டை மாற்றக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கொரோனாவால் 2021-இல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் கொடுத்தார்கள். எழுதாத தேர்வின் முடிவுக்காக ஒரு தலைமுறை காத்திருந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். எஸ்.ஏ.டி. தேர்வு 1926-இல் சுமார் 8,000 பேருடன் தொடங்கியது. அங்கே முன்கூட்டியே முடிவு சொல்லும் முறையில் ஒரு வகை, இடம் கொடுத்தால் கட்டாயம் சேர வேண்டும் என்பது. வேறு கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அதனால் பணம் பற்றிக் கவலைப்படாதவர்களுக்குத்தான் அது வசதி என்ற குறை பல காலமாக உண்டு. முன்கூட்டிய சேர்க்கை வசதியற்றவர்களுக்குப் பாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011-இல் திரும்பவும் கொண்டுவந்துவிட்டன.

நம் ஊரிலும் இது வேறு பெயரில் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே சில தனியார் நிறுவனங்கள் இடம் கொடுத்து, "இன்றைக்கே முன்பணம் கட்டுங்கள், நாளைக்கு இடம் இருக்காது" என்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தாழங்குப்பத்தில் மீன் வியாபாரம் செய்பவர்கள், நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். பிறகு கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்தது. கட்டிய பணத்தைக் கேட்டுப் போனால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். சான்றிதழையும் உடனே தரவில்லை. அந்தம்மா என்னிடம் சொன்னது: "காத்திருந்தா இடம் போயிடும்னு பயந்தோம் டீச்சர். பயத்துக்குத்தான் காசு கட்டினோம்."

அதனால் இந்த ஆண்டு காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சில வார்த்தை.

மூலச் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே இதை அறிவித்திருக்கிறது. விலகினால் கட்டணம் திருப்பித் தரும் விதியும் அதில் உண்டு. பணம் கட்டும் முன் அந்த விதியைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றை முடிவு வரும்வரை தள்ளிப் போடாமல் முன்பே எடுத்து வையுங்கள். இப்போது கவுன்சிலிங் ஆன்லைனில்தான். விருப்பப் பட்டியலை பிரவுசிங் சென்டர்காரர் கையில் விட்டுவிடாதீர்கள். படித்த அண்ணன் அக்கா யாராவது பக்கத்தில் உட்காருங்கள். அங்கே திரையில் எண் குறைவதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே பிள்ளை தனியாக ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் மாணவர்களில் இன்று இன்ஜினியர்களும் நர்சுகளும் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை நேரத்தைக் கொடுங்கள். விண்ணப்பக் கட்டணம் இல்லாமல் ஒரு பிள்ளை நின்றால் எனக்குச் சொல்லுங்கள், நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். முதலில் வந்த கார்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இனி நம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், எண்ணூர்