நீலி கதையும் சாவை வெல்லும் மந்திரமும்

சாவை வஞ்சித்து வாழ விரும்பும் மந்திரவாதி உலகக் கதைகள் பலவற்றில் இடம்பெறுகின்றான். பிணத்தை எழுப்புதல், ஆவியை ஏவல் கொள்ளுதல், பிறர் உடலிற் புகுதல், மருந்தால் உடலை அழியாமற் காத்தல் என அவன் கையாளும் வழிகள் பல. கிரேக்கப் பெருங்காப்பியமாகிய ஒடிசியில், ஒடிசியசு குழி தோண்டி ஆட்டுக் குருதி வார்த்து இறந்தோரைப் பேசச் செய்கின்றான். இத்தகைய வழிகளைத் தமிழ்க் கதைகளும் அறியும். அவற்றைக் குறித்து நம் முன்னோர் கொண்ட முடிபு யாது என்பதை, நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டாகிய நீலி கதையை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வாம்.

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களையும் பெரிதும் தன்னகத்தே கொண்டது நாஞ்சில் நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகத் தமிழகத்தோடு இணைந்தது. இந்நாட்டின் தென்பால் மருந்துவாழ்மலை நிற்கின்றது. அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது சிதறி வீழ்ந்த துண்டே இம்மலை என்பது மக்கள் வழக்கு. மாண்டாரை மீட்கும் மருந்து தம் மலையில் உண்டென நம்பிய இம்மக்கள், கொடை விழாக்களில் இரவெல்லாம் விழித்திருந்து கேட்பதோ பெரிதும் கொலையுண்டு மாண்டார் கதைகளையே என்பது கருதற்பாலது.

வில்லுப்பாட்டுக் கதைகளுள் தெய்வப் பிறவிகளைப் பாடுவன ஒருவகை. மண்ணில் பிறந்து அகால மரணமுற்றுத் தெய்வமானோரைப் பாடுவன மற்றொருவகை. பின்னவரை இறந்துபட்ட வாதைகள் என்பர். வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் பிறப்பு, இறப்பு என்னும் இவ்விரு பிரிவையே அடிப்படையாகக் கொண்டார். வில்லும் உடுக்கையும் குடமும் ஒலிக்க, இறந்துபட்டோர் கதை கொலை நிகழும் இடத்தை அடையும்போது சாமியாடிகள் அருள் கொண்டு ஆடுவர். இறந்தோரை அழைக்கும் செயலே இது. ஆயின் அழைப்பவன் மந்திரவாதி அல்லன். பாடும் புலவனும் கேட்கும் ஊராரும் ஆவர்.

நீலி கதை பாடத்திற்குப் பாடம் சிறிது வேறுபடினும் அதன் கட்டுக்கோப்பு ஒன்றே. கள்ளியங்காட்டில், தன் மடியில் நம்பித் துயின்ற கணிகையை நகைக்காகக் கல்லிட்டுக் கொல்கின்றான் ஒருவன். அருகே நின்ற கள்ளிச்செடி ஒன்றே சான்று. மறுபிறப்பில் அவன் வணிகனாகின்றான், அவள் நீலியாகின்றாள். தனக்கு வரும் கேட்டை முன்னரே அறிந்த வணிகன், மந்திரம் ஏற்றிய வாளொன்றைக் கையில் வைத்திருக்கின்றான். அது கையிலிருக்கும் வரை நீலி அணுகவியலாது. அவள் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவனென ஊரவையில் முறையிடுகின்றாள். வாளால் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அஞ்சுவாள்போல் நடிக்கவே, 70 பேர் கொண்ட அவையினர் வாளை வாங்கிக்கொண்டு, வணிகன் உயிருக்குத் தம் உயிரையே பிணை வைக்கின்றனர். விடிவதற்குள் வணிகன் மாள்கின்றான். சொன்ன சொல்லின்படி எழுபதின்மரும் உயிர் துறக்கின்றனர். தொண்டை நாட்டார் இந்நிகழ்ச்சியைத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு உரியதாக்குவர்.

இக்கதையில் சாவை எதிர்கொள்ளும் முறைகள் மூன்று. வணிகன் மந்திரத்தால் சாவைத் தடுக்கின்றான். நீலி பழியால் சாவைக் கடந்து மீள்கின்றாள். எழுபதின்மர் சொல்லைக் காக்கும்பொருட்டுச் சாவை ஏற்கின்றனர். மந்திர வாள் பயனற்றது என்று கதை கூறவில்லை. அது தன் வேலையைச் செய்தது. செய்த கொலையை அழிக்கமட்டும் அதனால் இயலவில்லை. கணக்குத் தீராதவனுக்கு மந்திரம் தவணையே அன்றி விடுதலை ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

பிற தமிழ்க் கதைகளும் இம்முடிபையே வலியுறுத்துகின்றன. விக்கிரமாதித்தனுக்கு அரியணையில் 1000 ஆண்டு வாழும் வரம் இருந்தது. நாடாறு மாதம், காடாறு மாதம் என்று பட்டி வகுத்த சூழ்ச்சியால் அது 2000 ஆண்டாயிற்று. எனினும் முடிவு நீங்கவில்லை. 12ஆம் நூற்றாண்டினதாகிய பெரியபுராணம் கூறும் திருமூலர், இறந்த ஆயன் மூலனின் உடலிற் புகுந்தது தம் ஆயுளை நீட்டுதற்கு அன்று. கதறிய பசுக்களின் துயர் தீர்த்தற்கே. அவரும் தம் பழைய உடலை மீளப் பெற்றிலர். மணிமேகலையில், இறந்த மகன் சார்ங்கலனுக்கு ஈடாகத் தன்னுயிரைத் தர முன்வந்த கோதமையிடம், போன உயிர் மீளாது என்று சம்பாபதி மறுக்கின்றாள். பெற்ற தாயின் கண்ணீருக்கும் இணங்காத விதி, மந்திரவாதிக்கு இணங்குமோ?

அங்ஙனமாயின் மந்திரமின்றி மீண்ட நீலி சாவை வென்றவள் ஆகாளோ எனின், பழி முடித்தமையால் அன்று, பின்னர் அவள் அடைந்த நிலையால் வென்றாள் என்பேம். முப்பந்தல் முதலிய கோயில்களில் அவள் இசக்கியாய் வழிபடப்பெறுகின்றாள். கொல்லும் கையில் குழந்தை ஏந்துகின்றாள். மகப்பேறு வேண்டுவோர் அவளை நாடுகின்றனர். இசக்கி என்னும் பெயர் இயக்கி என்பதன் திரிபு. விளவங்கோடு வட்டத்துச் சிதறால் மலையில் சமண இயக்கியின் பழைய வழிபாடு இருந்தமையும், சமண நூலாகிய நீலகேசி பழையனூர்ப் பேயைக் கொலை துறந்த அறவாதியாக ஆக்கியமையும் இதனோடு வைத்து எண்ணத்தக்கன.

இவற்றைப் பேய்க்கதைகள் என ஒதுக்குவார் உளர். கள்ளி ஒன்றே கண்ட கொலையை ஓர் ஊர் முழுதும் அறியச் செய்து, தலைமுறைதோறும் மறவாமற் காத்து வருவது அப்பாட்டே என்பதை அவர் நோக்கிலர். வணிகனின் வாளைச் செய்தளித்த மந்திரவாதியின் பெயரை யாரும் நினையார். கொலையுண்டவளுக்கோ கொடை நடக்கின்றது. சாவை வெல்லும் ஆற்றல் மந்திரத்தில் அன்று, மறவாத மக்கள் நினைவில் உள்ளது என்பதே நாஞ்சில் நாட்டார் கண்ட உண்மை என்பது எம் துணிபு.