எஃப்லோர்னித்தின்

எஃப்லோர்னித்தின், ஆப்பிரிக்கத் தூக்க நோயைக் குணப்படுத்தும் மருந்து. பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் கட்டுப்படுத்தும் களிம்பிலும் இதுவே சேர்கிறது. 2023-இல் குழந்தைகளுக்கு வரும் நரம்புசார் புற்றுநோய் ஒன்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

1970-களின் பிற்பகுதியில் மெரல் நிறுவன ஆய்வாளர்கள் இதைப் புற்றுநோய்க்காகவே உருவாக்கினர்; அப்போது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1980-இல் ஆய்வாளர் சைரஸ் பாக்கியும் அவருடைய குழுவினரும், தூக்க நோய்க் கிருமி தொற்றிய எலிகளை இது குணப்படுத்துவதைக் கண்டனர். ட்செட்சி ஈ கடித்துப் பரவும் இந்நோய் முற்றினால் மூளையைத் தாக்கிக் கொல்லும். அந்தக் கட்டத்துக்கு இருந்தது ஆர்சனிக் கலந்த மெலார்சொப்ரால் ஊசி. அதைப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் அந்த ஊசியாலேயே இறந்தனர். புதிய மருந்தோ நினைவிழந்து கிடந்தவர்களையும் எழுந்து உட்காரவைத்தது. 'உயிர்த்தெழ வைக்கும் மருந்து' என்ற பெயரும் கிடைத்தது. 1990-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

மருந்தில் குறையில்லை; வாங்குவோரிடம்தான் பணமில்லை. நோயாளிகள் காங்கோ, அங்கோலா, சூடான் நாடுகளின் ஏழைக் கிராமத்தினர். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என 14 நாள், மொத்தம் 56 முறை நரம்பு வழியே ஏற்ற வேண்டிய மருந்து மலிவாகவும் இருக்க முடியாது. 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றது. மருத்துவர்கள் மீண்டும் ஆர்சனிக்கைக் கையில் எடுத்தனர்.

2000-இல் இதே வேதிப்பொருள் 'வனிக்கா' என்ற முகக் களிம்பாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. முகமுடிக்குக் கிடைக்கும் மருந்து உயிருக்குக் கிடைக்கவில்லை என்ற முரணை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு உலகறியச் செய்தது. மருந்து நிறுவனத்தின் மனமாற்றத்தைவிட, இந்த அவப்பெயரே வேலை செய்தது எனலாம். மருந்தின் உரிமையை வைத்திருந்த அவென்டிஸ், 2001-இல் உலகச் சுகாதார அமைப்புடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து மருந்தை இலவசமாக வழங்கியது.

2009-இல் நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையுடன் சேர்த்துத் தரும் முறை உலகச் சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. 56 முறை ஏற்றுவது 14 ஆகக் குறைந்தது. இன்று பெரும்பாலோருக்கு அதுவும் தேவையில்லை. 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமை ஏற்ற ஃபெக்சினிடசோல், பத்து நாள் விழுங்கும் மாத்திரை. 1980-களில் ஹெக்ஸ்ட் நிறுவனம் கைவிட்டிருந்த அந்தச் சேர்மத்தைத் தேடியெடுத்து வளர்த்தது, 2003-இல் தொடங்கிய 'டிஎன்டிஐ' என்ற லாப நோக்கற்ற அமைப்பு.