காட்டுக்குள் போக யாரைக் கேட்க வேண்டும்?

புதுவைக்காரர்களுக்குக் கடல் நடந்து போகிற தூரம். காடு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை காடு பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் தமிழ்நாட்டுக்குள்தான் போக வேண்டும். ஊசுட்டேரியை 2008ல் புதுவை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அது ஏரி, அதிலும் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டாகக் கிடக்கும் இந்த யூனியன் பிரதேசத்தில் காடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1826ல் போட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதைக் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுக் காடுகளின் வாசலில் "அனுமதியின்றி உள்ளே நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று ஒரு போர்டு இருக்கிறதே, அந்த போர்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது பிரான்சில் கொண்டுபோய் விடுகிறது.

பிரான்சின் கிழக்கே நான்சி என்று ஓர் ஊர். 1824ல் அங்கே அரசு ஒரு வனப் பள்ளியைத் தொடங்கியது. அதன் பாடம் வணிகவியல் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். காடு என்பது முதல். ஒவ்வொரு வருடமும் மரங்கள் எவ்வளவு வளர்கின்றனவோ அது வட்டி. வட்டியை மட்டும் வெட்டி விற்க வேண்டும், முதலில் கை வைக்கக் கூடாது. அருமையான கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் காட்டுக்கு ஒரே ஒரு முதலாளிதான் இருக்க முடியும். ஆடு மேய்க்கிறவர், சுள்ளி பொறுக்குகிறவர், தழை ஒடிக்கிறவர் எல்லாம் இந்தப் பேரேட்டில் திருட்டுக் கணக்கில் வந்துவிடுவார்கள்.

அப்படித்தான் ஆனது. 1827ல் பிரான்சில் புதிய வனச் சட்டம் வந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கடுமையான கட்டுப்பாடுகள். பைரனீஸ் மலையடிவாரத்தில் அரியேஜ் பகுதி விவசாயிகள் கொதித்துப் போனார்கள். 1829ல் ஆண்கள் பெண்களைப் போல நீண்ட வெள்ளைச் சட்டை அணிந்து, முகத்தில் கரி பூசிக்கொண்டு, இரவில் காட்டுக் காவலர்களைத் துரத்தினார்கள். "பெண்களின் போர்" என்றே அதற்குப் பெயர்! இரண்டு மூன்று வருடம் இந்தக் கலகம் ஓடியது. காட்டை மூடினால் என்ன நடக்கும் என்று பிரான்ஸ் அப்போதே பார்த்துவிட்டது.

பிரிட்டிஷாரிடம் அந்தக் காலத்தில் சொந்தமாக வனப் பள்ளி கிடையாது. ஆனால் இந்தியாவில் அவர்களுக்கு மரம் தேவைப்பட்டது. ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை, எஞ்சினுக்கு விறகு. சென்னை மாகாணத்தில் 1856லேயே கிளெக்ஹார்ன் என்ற டாக்டரை வனப் பாதுகாவலராகப் போட்டாகிவிட்டது. 1864ல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்தியா முழுமைக்கும் வனத் துறைத் தலைமை அதிகாரி ஆனார். அவருடைய ஏற்பாட்டில் 1867 முதல் இந்திய வனத் துறைக்குத் தேர்வான ஆங்கிலேய இளைஞர்கள் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனார்கள். சிலர் ஜெர்மனிக்கு, சிலர் நான்சிக்கு. 1885ல் இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில்லில் வனப் படிப்பு தொடங்கும்வரை இது நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுவையில் ஒரு காடும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் படித்தவர்களோ இந்தியக் காடுகளுக்கு அதிகாரிகளாக வந்தார்கள்.

இதில் சென்னை மாகாணம் நடந்துகொண்ட விதம் பலருக்குத் தெரியாதது. பிரிட்டிஷ் அரசு என்றாலே எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. 1871ல் சென்னை ரெவின்யூ போர்டு தெளிவாக எழுதி வைத்தது: இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை, அவற்றில் அரசு சொத்துரிமை கொண்டாடியதற்கும் ஆதாரமில்லை என்பது அதன் சாரம். ஊர்க்காரர்கள் ஏர்க்கலப்பைக்கு மரம் எடுத்தார்கள், வயலுக்குத் தழையுரம் எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள், தேனும் கடுக்காயும் பொறுக்கினார்கள். அது அவர்கள் உரிமை, அரசு போட்ட பிச்சை இல்லை என்று வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரிகளே வாதாடினார்கள்.

எதிர்த்தரப்பில் பேடன்-பவல் என்ற அதிகாரி இருந்தார். (சாரணர் இயக்கத்து பேடன்-பவல் வேறு. இவர் அவருடைய அப்பாவின் முந்தைய மனைவிக்குப் பிறந்த அண்ணன்.) காடு முழுவதும் அரசுக்கே, மக்கள் அனுபவித்தது சலுகைதான் என்பது அவர் கட்சி. பிராண்டிஸ் நடுவில் நின்றார். கொஞ்சம் காடு அரசுக்கு, கொஞ்சம் காடு ஊருக்கு என்பது அவர் யோசனை. 1878ல் வந்த இந்திய வனச் சட்டத்தில் கிராமக் காடுகளுக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. பெரும்பாலும் அது காகிதத்திலேயே இருந்துவிட்டது. சென்னை அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. கடைசியில் பிராண்டிஸே இங்கே வந்து உட்கார்ந்து பேச, 1882ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அரசு ஒரு நிலத்தைக் காப்புக் காடாக்கப் போவதாக அறிவிக்கும். ஒரு செட்டில்மென்ட் அதிகாரி வருவார். உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாத உரிமை செத்துப்போகும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தன் பாட்டன் காலத்திலிருந்து மாடு ஓட்டிப் போன பாதைக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? கெடு முடிந்ததும் அவர் அதே பாதையில் போனால் அத்துமீறல். மாடு பின்னால் வந்தால் அது இன்னொரு குற்றம்.

புகார்கள் குவிந்தன. 1913ல் சென்னை அரசே ஒரு வனக் கமிட்டி போட வேண்டியதாயிற்று. கீழ்நிலைக் காவலர்களின் கெடுபிடியும் மாமூலும் அங்கே பேசப்பட்டன. விறகு, மேய்ச்சலுக்கு மட்டும் பயன்படும் சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது போதவில்லை. அப்போது இதே மாகாணத்தில் இருந்த பல்நாடு பகுதியில் 1921ல் விவசாயிகள் மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்துக் காட்டுக்குள் மாடுகளை ஓட்டினார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் அந்தப் போராட்டத்தை நடத்திய கன்னெகண்டி ஹனுமந்து போலீஸ் சுட்டு இறந்தார். உப்புக்குச் சத்தியாகிரகம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். புல்லுக்கு நடந்தது பாடப் புத்தகத்தில் ஒரு வரிதான்.

நான்சி பள்ளிக்கு இன்னொரு மாணவரும் வந்தார். 1889ல் கிஃபோர்ட் பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞர், அப்போது ஓய்வு பெற்றிருந்த பிராண்டிஸின் ஆலோசனையோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1905ல் அமெரிக்க வனத் துறை உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பாடம் ஒன்று, ஆசான் ஒருவர். விளைவு வேறு! அமெரிக்காவில் "தேசியக் காடுகள்" ஏறக்குறைய 7.8 கோடி ஹெக்டேர். அவற்றில் பெரும்பாலான இடங்களில் யாரும் டிக்கெட் இல்லாமல் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். கட்டணம் கட்டி மாடும் மேய்க்கலாம். ஓட்டுப் போடுகிற விவசாயியைப் பகைத்துக்கொண்டு அங்கே காட்டை மூட முடியாது. இங்கே ஓட்டே இல்லை, மூடினார்கள். அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அந்தக் காடுகள் செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து பறித்த நிலம்.

சுதந்திரம் வந்தது. கேட் திறந்ததா? 1952 வனக் கொள்கை, பக்கத்தில் குடியிருக்கிறார்கள் என்பதற்காகக் கிராமத்தார் தேவையைத் தேச நலனுக்கு மேலே வைக்க முடியாது என்றது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். புலியும் யானையும் இன்று மிஞ்சியிருப்பதற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் சரணாலயத்துக்குள் எதற்காக நுழைய அனுமதி தரலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே குடியிருப்பவர்களோடு முறையான அலுவல். அவ்வளவுதான். சுற்றுலா பட்டியலில் ஏறிவிட்டது. விறகு ஏறவில்லை.

வரலாற்றில் மெதுவாக நடந்த மாற்றம் இதுதான். காட்டை உபயோகித்தவர் வெளியே போனார், காட்டைப் பார்க்க வருபவர் உள்ளே வந்தார்.

பார்க்க வருபவர் பாடும் சுலபமாக இல்லை. 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதியோடு திறந்தது. கூட வழிகாட்டியாக வருபவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. தாத்தா தேன் எடுக்கப் போன பாதையில் பேரன் சம்பளத்துக்கு டூரிஸ்டைக் கூட்டிப் போகிறான்.

மாடு மேய்ப்பவர்கள் கதை வேறு. ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் செம்மை உடம்பில் வெள்ளைத் திட்டு போட்ட ஒரு நாட்டு மாடு உண்டு. காட்டுக்குள் பட்டி அடைத்து வளர்ப்பது வழக்கம். பாலை விட, வயலுக்குப் போகும் சாணத்தில்தான் வருமானம் அதிகம். தேனிப் பக்கத்து மலைமாடும் இதே ரகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் திருத்தி, சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்றது. 2024 ஜனவரியில் அந்தப் பர்கூர் மலைக் காடுகளே தந்தை பெரியார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சரணாலயம் புலிக்கு நல்லது, சந்தேகமில்லை. பட்டி போடுகிறவர் எங்கே போவது?

பதில் சட்டத்தில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல், தேன், மூங்கில் போன்றவற்றில் ஊர்ச் சமூகத்துக்கு இருந்த உரிமையைப் பதிவு செய்யச் சொல்கிறது, சரணாலயமாக இருந்தாலும் சரி. 1871ல் ரெவின்யூ போர்டு சொன்னதை 135 வருடம் கழித்து நாடாளுமன்றம் சொன்னது! ஆனால் தமிழ்நாட்டில் 2008ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர ஆரம்பித்தது. மற்ற மாநிலங்களை விட எட்டு வருடம் பின்தங்கல்.

பிரான்சில் இன்று என்ன நிலைமை? அரசுக் காடுகளில் பொதுமக்கள் சாதாரணமாக நடக்கிறார்கள். ஆளுக்கு 5 லிட்டர் அளவுக்குக் காளான் பறித்துக்கொள்ளவும் விடுகிறார்கள். போர்டு வைக்கக் கற்றுக்கொடுத்த நாடு, கூடை எடுத்து வரச் சொல்கிறது.

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். அதைச் சுற்றி நிற்பது இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். காசா, வீரை, பாலை என்று இந்தக் காட்டுக்கு அடையாளமான மரங்கள் பல உண்டு. 1955ல் புதுவையில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவர வரைபடங்கள் போட்டுப் பெயர் வாங்கியது. அதன் ஆய்வாளர்களும் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும் படித்த காடுகளில் இதுவும் ஒன்று. இதைக் காத்தது ஐயனார் மேல் இருந்த பயம். வேண்டுதல் உள்ளவர்கள் வருவார்கள், பொங்கல் வைப்பார்கள், சாமி காட்டில் மரம் வெட்டக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே போக அங்கே யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இப்போது கூட்டம் அதிகமாகி, நடந்து நடந்தே மரங்களுக்கு நடுவே புதுப் பாதைகள் விழுந்துகொண்டிருக்கின்றன.