வைஃபை கனெக்ட் பண்ணாமலே உங்கள் போன் உங்களைக் காட்டிக் கொடுக்குமா? பஸ், ரயில் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவரின் போன் பாக்கெட்டில் இருக்கிறது. வைஃபை ஆன் செய்திருக்கிறார், ஆனால் எந்த நெட்வொர்க்கிலும் கனெக்ட் ஆகவில்லை. யாரிடமும் நம்பர் கொடுக்கவில்லை, ஓடிபி போடவில்லை. அப்படியானால் அவர் அங்கே நின்றது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைப்போம்.

ஆனால் போன் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் ஏதாவது வைஃபை இருக்கிறதா என்று அது அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நம் காதில் விழாது, அதற்கென வைத்த கருவிக்குக் கேட்கும். உலகின் சில நகரங்கள் இதை வைத்தே பயணிகளை எண்ணியிருக்கின்றன. இது எப்படி நடக்கிறது, இதில் என்ன நன்மை, என்ன ஆபத்து, நம்ம ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

போன் அப்படி என்ன சொல்கிறது?

ஒவ்வொரு போனின் வைஃபை சிப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இதை மேக் முகவரி என்கிறார்கள். வண்டிக்கு சேஸிஸ் நம்பர் மாதிரி. 12 எழுத்து நீளம். 0 முதல் 9 வரையிலான எண்களும், ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து இருக்கும். முதல் 6 எழுத்துகளைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று சொல்லிவிடலாம்.

வைஃபை தேடும்போது போன் இந்த எண்ணையும் சேர்த்தே அனுப்பும். சில பழைய போன்கள் ஒரு படி மேலே போய், முன்பு கனெக்ட் ஆன நெட்வொர்க்குகளின் பெயரையும் சொல்லித் தேடும். வீட்டு வைஃபைக்குச் சொந்தப் பெயரையோ கடைப் பெயரையோ வைத்திருந்தால், அந்தப் பெயரும் காற்றில் போகும்.

இதில் உங்கள் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, வாட்ஸ்அப் மெசேஜும் இல்லை. ஆனால் அதே எண் காலை 8 மணிக்கு ஓர் இடத்திலும், 9 மணிக்கு இன்னோர் இடத்திலும் பதிவானால், ஒரே போன் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

லண்டனில் நடந்தது என்ன?

இதைப் பெரிய அளவில், வெளிப்படையாகச் செய்து பார்த்தது லண்டன் போக்குவரத்துத் துறை. 2016 நவம்பர் 21 முதல் டிசம்பர் 19 வரை, 54 சுரங்க ரயில் நிலையங்களில் ஏற்கனவே இருந்த வைஃபை கருவிகள் வழியாகச் சோதனை நடந்தது. 4 வாரத்தில் 56 லட்சம் போன், டேப்லெட் போன்ற கருவிகளிடமிருந்து 50.9 கோடி பதிவுகள் கிடைத்தன. சுமார் 4.2 கோடி பயணங்கள்!

லண்டனில் பயணிகள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கார்டைத் தட்டுவார்கள். எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நடுவில் எந்த வழியாகப் போனார், எங்கே ரயில் மாறினார் என்பதுதான் தெரியாது. வைஃபை பதிவுகள் அதைக் காட்டின. கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வாட்டர்லூ போக மக்கள் குறைந்தது 18 வெவ்வேறு வழிகளைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

சோதனை நடந்த நிலையங்களில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். வேண்டாம் என்பவர்கள் வைஃபையை ஆஃப் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மேக் முகவரியை அப்படியே வைக்காமல், திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிச் சேமித்ததாகவும் தெரிவித்தார்கள். 2019 ஜூலை 8 முதல் 260-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இது நிரந்தரத் திட்டமானது.

அதே லண்டனில் இன்னொரு கதையும் உண்டு. ஒரு விளம்பர நிறுவனம் தெருக்களில் வைத்த திரை பொருத்திய குப்பைத் தொட்டிகளில் 12-ல், கடந்து போகிறவர்களின் போன்களைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தியது. நோக்கம் விளம்பரம். நடந்து போனவர்களுக்கு எதுவும் தெரியாது. 2013 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்ததும், நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது அந்த நகர நிர்வாகம்.

தொழில்நுட்பம் ரெண்டிலும் ஒன்றுதான். யார், எதற்காக, சொல்லிவிட்டுச் செய்தார்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

கோவைக்கு இது ஏன் முக்கியம்?

துடியலூரில் பஸ் ஏறும் ஒருவர் காந்திபுரத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து சிங்காநல்லூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் கொடுப்பது ரெண்டு தனித்தனி டிக்கெட். இரண்டையும் வாங்கியது ஒரே ஆள் என்று அந்த டிக்கெட்டுகள் சொல்லாது. 2021 மே முதல் டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அந்த இலவச டிக்கெட்டிலும் இதே நிலைதான். துடியலூரிலிருந்து சிங்காநல்லூருக்கு நேரடி பஸ் விட்டால் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று டிக்கெட் கணக்கை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம்.

பயணிகள் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கோவை சமீபத்தில்தான் பார்த்தது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ ரயில் கொள்கை சொல்லும் 20 லட்சம் மக்கள்தொகையை, 2011 கணக்கெடுப்புப்படி கோவை எட்டவில்லை என்பது ஒரு காரணம். எத்தனை பேர் மெட்ரோவில் பயணிப்பார்கள் என்ற கணிப்பும் கேள்விக்கு உள்ளானது. திருப்பூர், பல்லடம், சூலூர், பொள்ளாச்சி பக்கமிருந்து தினமும் வேலைக்கும் படிப்புக்கும் வந்து போகிறவர்களைச் சரியாக எண்ணுவது இந்த ஊரின் சாலையையும் பஸ்ஸையும் ரயிலையும் தீர்மானிக்கும் வேலை.

அதனால் 'எண்ணவே கூடாது' என்பது சரியான பதில் இல்லை. எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெயர் இல்லையே, அப்புறம் என்ன பயம்?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் மொபைல் இருப்பிடப் பதிவுகளைப் பெயர் இல்லாமல் ஆராய்ந்தார்கள். எந்த நேரத்தில் எந்த இடம் என்ற விவரம் வெறும் 4 கிடைத்தாலே போதும், 95 சதவீதம் பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று அது காட்டியது.

காரணம் எளிது. தினமும் விடியற்காலையில் ஒரே ஸ்டாப்பில் ஏறி, ஒரே பனியன் கம்பெனி வாசலில் இறங்கி, ராத்திரி அதே ஸ்டாப்புக்குத் திரும்பும் போன் யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. அந்தப் போன் வாரம் ஒருநாள் மட்டும் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினால் அதுவும் தெரியும். வீட்டில் சொல்லாமல் இன்டர்வியூ போனதும், சங்கக் கூட்டத்துக்குப் போனதும் அப்படியே.

ஆக, 'இந்த ஸ்டாப்பில் இந்த மணிக்கு 400 பேர்' என்ற கணக்கு ஊருக்கு உதவும். 'இந்தப் போன் இந்த மாதம் முழுக்க எங்கெல்லாம் போனது' என்ற கணக்கு ஆபத்தானது.

புது போன்களில் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்கிறது. 2014-ல் ஐபோன்களில் ஐஓஎஸ் 8 வந்தபோது, வைஃபை தேடும்போது உண்மையான எண்ணுக்குப் பதிலாகப் பொய்யான எண்ணைக் காட்டும் வசதியை ஆப்பிள் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல், 2019-லிருந்து, நெட்வொர்க்கில் கனெக்ட் ஆகும்போதும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறு வேறு எண்ணைக் காட்டுவது வழக்கமானது. 2020-ல் ஐஓஎஸ் 14-லும் இதே வசதி வந்தது.

உங்கள் போன் இதைச் செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். வைஃபை செட்டிங்ஸில் கனெக்ட் ஆகியிருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் மேக் முகவரி தெரியும். அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது மாற்று எண். வேறு எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் போனின் உண்மையான எண்தான்.

ஆனாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. பழைய போன்களில் இந்த வசதி இல்லை. ஒரே நெட்வொர்க்கில் தினமும் கனெக்ட் ஆனால், அந்த நெட்வொர்க்குக்கு என்று வைத்த அதே மாற்று எண்ணே திரும்பத் திரும்பப் போகலாம்.

ஓடிபி போட்டால் கதை மாறுகிறது

நம் ஊரில் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய இலவச வைஃபை, முதலில் கூகுள், ரயில்டெல் கூட்டுத் திட்டம். 2020-ல் கூகுள் விலகுவதாக அறிவித்த பிறகும் ரயில்டெல் நடத்தி வருகிறது. நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இந்த வசதி இருக்கிறது. முதல் 30 நிமிடம் இலவசம். ஆனால் மொபைல் நம்பர் கொடுத்து ஓடிபி போட்டால்தான் உள்ளே போக முடியும்.

பொது வைஃபையில் யார் நுழைகிறார் என்பது தெரிய வேண்டும் என்பது இந்தியாவில் அரசின் விதி. பாதுகாப்புக் காரணம் உண்டு. ஆனால் ஓடிபி போட்ட நொடியில் போனின் எண்ணும் உங்கள் சிம் நம்பரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மேக் எண் மாறினாலும் பயனில்லை, நம்பரை நாமே கொடுத்துவிட்டோம். ஜவுளிக்கடை, மால், ஓட்டல் வைஃபைக்கு நம்பர் கொடுப்பதும் இதேதான்.

பயணிகள் விவரத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி, தன்னிடம் உள்ள டிஜிட்டல் தகவல்களிலிருந்து வருமானம் ஈட்டுவது பற்றி ஆலோசனை சொல்ல நிறுவனம் கேட்டு டெண்டர் விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் வாபஸ் பெற்றது.

ஆப்களும் சொல்கின்றன

வைஃபையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2019 ஜூனில் கூகுள் மேப்ஸ், டிராஃபிக்கைக் கணக்கில் எடுத்து பஸ் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று காட்டும் வசதியை இந்தியாவின் 10 நகரங்களில் கொண்டுவந்தது. அதில் கோவையும் ஒன்று. அந்த டிராஃபிக் விவரம், சாலையில் போகிறவர்களின் போன்கள் அனுப்பும் இருப்பிடத் தகவலிலிருந்து வருவது. ரயிலில் பலரும் பார்க்கும் 'வேர் இஸ் மை டிரெய்ன்' ஆப், நெட் இல்லாத இடத்திலும் செல்போன் டவரை வைத்து ரயில் எங்கே என்று சொல்கிறது. பயன் இருக்கிறது, அதனால் நாமே அனுமதி கொடுக்கிறோம். டார்ச் லைட் ஆப்புக்கும் அதே அனுமதியைக் கொடுப்பதில்தான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே அமலுக்கு வரும்.

என்ன தகவலை, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதேசமயம், சில காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் இதே சட்டம் இடம் தருகிறது. இந்த விலக்குதான் அதிகம் விமர்சிக்கப்படுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• வீட்டை விட்டுக் கிளம்பும்போது வைஃபையை ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷன் செட்டிங்ஸுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்', 'புளூடூத் ஸ்கேனிங்' என்று தனியாக இருக்கும். அதையும் ஆஃப் செய்தால்தான் தேடுவது நிற்கும்.

• பழைய பஸ் ஸ்டாண்ட், ஓட்டல், லாட்ஜ் வைஃபைகள் போனில் சேமிக்கப்பட்டிருந்தால் 'ஃபர்கெட்' கொடுத்து நீக்குங்கள். அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால் போன் தானாக அதில் கனெக்ட் ஆகிவிடலாம்.

• வீட்டு வைஃபைக்குச் சொந்தப் பெயர், கதவு எண் வேண்டாம்.

• பொது வைஃபையில் பேங்க் ஆப், யுபிஐ வேண்டாம். அதற்கு மொபைல் டேட்டாவே நல்லது.

• ஆப்களுக்கு லொகேஷன் அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள்.

• போனில் சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

'இங்கே வைஃபை மூலம் பயணிகள் எண்ணப்படுகிறார்கள்' என்ற பலகையை ஒருநாள் உக்கடத்திலோ காந்திபுரத்திலோ பார்க்க நேர்ந்தால், நாலு கேள்வி கேளுங்கள். எதற்காக எடுக்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? யாருக்குக் கொடுப்பார்கள்? வேண்டாம் என்றால் எப்படி விலகுவது? பலகையிலேயே பதில் இருந்தால் நல்லது. பலகையே இல்லாமல் எண்ணுவதாகத் தெரிந்தால் மாநகராட்சியிடமோ போக்குவரத்துக் கழகத்திடமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். போலி வைஃபை, போலி லிங்க் மூலம் பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.