வக்கீல் வரக்கூடாத வழக்கு

எங்க ஊர் விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. மனக்குறையை ஒரு பேப்பரில் பிராதாக எழுதி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்தால் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எல்லாம் கோர்ட் நடைமுறைதான், வக்கீல் மட்டும் கிடையாது. சாமியிடம் வக்கீல் எதற்கு என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நம்ம நாட்டில் மனிதர்கள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் ஓர் இடத்திலும் ரொம்ப வருஷம் வக்கீலுக்கு இடமில்லாமல் இருந்தது. அதுவும் ஒரு குழந்தை அதன் அப்பா அம்மாவிடம் இருக்கலாமா, ஹோமுக்குப் போகவேண்டுமா என்று முடிவு செய்யும் இடத்தில்!

நான் பி.காம். படிக்கிறவன், சட்டம் படித்தவன் இல்லை. பிசினஸ் லா பேப்பருக்காகப் புரட்டியபோது கண்ணில் பட்ட விஷயம் இது.

கதை நம்ம மாகாணத்தில்தான் தொடங்குகிறது. 1919-20ல் இந்திய சிறைக் கமிட்டி, சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக்கூடாது என்றது. அதையொட்டி 1920ல் மெட்ராஸ் சிறுவர் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். வங்காளம் 1922, பம்பாய் 1924. இந்தச் சட்டம் குற்றம் செய்த பையன்களுக்கு மட்டுமல்ல, பிச்சை எடுக்கும் குழந்தை, கதியில்லாத குழந்தை ஆகியோருக்கும் பொருந்தும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஏழையாக இருப்பதும் குற்றம் செய்வதும் ஒரே கட்டடத்துக்குள் வந்துவிட்டது.

இரண்டையும் பிரிக்க 1960ல் யூனியன் பிரதேசங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். தப்பு செய்த பிள்ளைக்கு ஒரு கோர்ட், கவனிப்பாரற்ற பிள்ளைக்கு ஒரு போர்டு. 1986ல் நாடு முழுவதற்குமாக சிறார் நீதிச் சட்டம் வந்தபோதும் இதே ஏற்பாடுதான். அதில்தான் அந்த வரி இருக்கிறது: போர்டின் முன் எந்த வழக்கறிஞரும் உரிமையோடு ஆஜராக முடியாது, போர்டே தனி அனுமதி கொடுத்தால் மட்டும் வரலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட பையனுக்கு வக்கீல் வரலாம். எந்தத் தப்பும் செய்யாமல், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருந்த பையனுக்கு, அவனைத் திருப்பிக் கேட்டு வரும் அம்மாவுக்கு, வக்கீல் வர அனுமதி வாங்கவேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு எங்களுக்குப் பாடம். வரிக் கணக்கு விசாரணைக்கு வக்கீல், ஆடிட்டர், ஏன் சொந்தக்காரர்கூட நமக்குப் பதிலாகப் போகலாம். பணத்துக்கு இத்தனை பேர் துணை, பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லை!

ஏன் இப்படி எழுதினார்கள்? கெட்ட எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 'இது வழக்கே இல்லை, குழந்தையின் நன்மைக்காக எல்லோரும் கூடிப் பேசுவது, வக்கீல் வந்தால் சண்டையாகிவிடும்' என்ற நினைப்பு. அமெரிக்காவிலும் இதே வாதம் இருந்தது. 1967ல் கால்ட் என்ற 15 வயதுப் பையன் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நல்லெண்ணம் மட்டும் போதாது, பையனுக்கு வக்கீல் வேண்டும் என்றது. ஆனால் 1981ல் லாசிட்டர் வழக்கில், பெற்ற தாயின் உரிமையையே அறுத்துவிடும் விசாரணையில்கூட ஏழைத் தாய்க்கு எல்லா வழக்கிலும் அரசு வக்கீல் வைத்துத்தர வேண்டியதில்லை என்று 5க்கு 4 கணக்கில் தீர்ப்பு. ஒரே ஒரு ஓட்டு!

வக்கீல் வந்தால் உண்மையிலேயே சண்டைதான் வருமா? நியூயார்க்கில் சுமார் 28,000 குழந்தைகளின் கேஸ்களை வைத்து ஓர் ஆய்வு 2019ல் வெளிவந்தது. வக்கீலோடு சமூகப் பணியாளரும் சேர்ந்து பெற்றோருக்குத் துணை நின்ற இடங்களில், முதல் 4 வருஷத்தில் குழந்தை வெளியே இருந்த காலம் சராசரியாக 118 நாள் குறைந்தது. கிட்டத்தட்ட நாலு மாசம். ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்கு நாலு மாசம் எவ்வளவு பெரிசு!

நம்ம ஊருக்கு வருவோம். 2000 சட்டத்தில் போர்டு போய் குழந்தைகள் நலக் குழு வந்தது, வக்கீல் தடையும் போனது. இப்போது நடப்பில் இருப்பது 2015 சட்டம். தலைவரோடு நாலு உறுப்பினர்கள், மாஜிஸ்திரேட் அதிகாரம். குழந்தைக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுவின் வேலைகளில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. பெற்றோருக்கு அப்படித் தனியாக ஒரு வரி இல்லை.

கெடுக்களோ ஓடிக்கொண்டே இருக்கும். வறுமையால் பிள்ளையை ஒப்படைத்த தாய் மனம் மாறினால் திரும்பக் கேட்க 2 மாதம். குழு உத்தரவை எதிர்த்து அப்பீலுக்கு 30 நாள். 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011ல் எங்கள் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. இந்த இரண்டு மாதக் கணக்கை ஓர் ஏழைத் தாய்க்கு யார் எடுத்துச் சொல்வது? குழு இருப்பது மாவட்டத் தலைநகரில். இங்கிருந்து 60 கிலோமீட்டர், போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு.

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான விஷயம் கிடைத்தது. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவச வக்கீலுக்கு உரியவர்கள் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், அப்புறம் ஆலைத் தொழிலாளி. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இங்கே பீங்கான் ஃபேக்டரியில் சூளை வேலை பார்க்கும் அப்பாவும் அதில் அடக்கம்! 'கோர்ட்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், நீதிமன்றம் போலத் தீர்ப்பு சொல்லும் மற்ற அமைப்புகளும் வருகின்றன. ஆக, குழந்தைகள் நலக் குழு முன் நிற்கவும் வக்கீல் கேட்கலாம்.

அதற்குக் கடலூர்வரை போகவேண்டாம். விருத்தாசலம் கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. போன் செய்வதென்றால் 15100. ஒரு வெள்ளைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் போதும், கிட்டத்தட்ட கொளஞ்சியப்பருக்கு எழுதுகிற மாதிரியே :-)